போட்ட தளத்தில் ஊஞ்சல் கொக்கி: எந்த போல்ட், எந்த மிஷின்?

கேள்வி | பிப்ரவரி 3, காலை

தளம் போடும்போது ஊஞ்சல் கொக்கி விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அம்மா ஹாலில் ஊஞ்சல் கேட்கிறார். எலக்ட்ரீஷியன், துளைக்குள் விரிந்து பிடிக்கும் 12 மிமீ ஆங்கர் போல்ட் நாலு அடித்தால் போதும் என்கிறார். ஹார்டுவேர் கடையில், துளைக்குள் கெமிக்கல் பசை வைத்து மரை வெட்டிய ராடு இறக்கினால் இன்னும் பலம் என்கிறார்கள். என்னிடம் சாதாரண டிரில்லிங் மிஷின் இருக்கிறது, சுத்தியல் படம் போட்ட ஸ்விட்ச் உள்ளது. அதிலேயே துளை போடலாமா? கூடவே பாத்ரூமில் கீசர், ஒரு புத்தக அலமாரி, மொட்டை மாடியில் கைப்பிடி எல்லாம் பாக்கி.

பதில் | பிப்ரவரி 3, மதியம்

துளை போடுவதை நிறுத்தி வையுங்கள். கீசரையும் ஊஞ்சலையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஜாதி வேலை இல்லை.

சுவரில் மாட்டும் பொருள் போல்ட்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. போல்ட்டின் குறுக்கே பாரம் விழுகிறது, அதைக் காங்கிரீட் நன்றாகத் தாங்கும். தளத்தில் தொங்கும் பொருள் போல்ட்டை அது போன வழியிலேயே வெளியே இழுக்கிறது. அங்கே பிடித்து வைத்திருப்பது துளைச் சுவரின் உராய்வும் சுற்றியுள்ள கொஞ்சம் காங்கிரீட்டும் மட்டும்தான்.

மூன்று விஷயம் சொல்லுங்கள்: தளம் எத்தனை இஞ்ச், மேலே மொட்டை மாடியா இன்னொரு வீடா, ஹாலில் பீம் எங்கே ஓடுகிறது.

பிப்ரவரி 3, இரவு

பாரக் கணக்கைப் பார்த்துவிடலாம். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை: 170 கிலோ. பலகை, சங்கிலி 40 கிலோ. மொத்தம் 210. சும்மா உட்கார்ந்திருந்தால் இவ்வளவுதான். ஆட ஆரம்பித்தால் கணக்கு மாறுகிறது. 45 டிகிரி வரை ஆடினால், கீழே வந்து கடக்கும் நொடியில் கொக்கியில் விழும் இழுப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு. 60 டிகிரி என்றால் சரியாக இரண்டு மடங்கு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 60 டிகிரி என்பது சாதாரணம். அதாவது 420 கிலோ. தொப்பென்று வந்து உட்காருவது தனி. அதுவும் நேர்கீழாக மட்டும் இல்லை, முன்னும் பின்னும் கொக்கியை ஆட்டி ஆட்டி இழுக்கிறது. ஒரு மாலையில் எத்தனை நூறு தடவை!

கேட்டலாக்கில் 12 மிமீ ஆங்கருக்குப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் இதெல்லாம் தாங்கும் என்றுதான் தோன்றும். அந்த எண் அசையாத பாரத்துக்கு. விரிசல் இல்லாத, சொன்ன தரத்தில் இருக்கும் காங்கிரீட்டுக்கு. தூள் எடுத்த துளைக்கு, சொன்ன முறுக்கு விசையில் இறுக்கிய நட்டுக்கு. நம் வீட்டுத் தளத்தில் இதில் எத்தனை பொருந்தும்?

பிப்ரவரி 4

காலையில் ஒருவர், 'போல்ட் அறுந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?' என்று எழுதியிருந்தார். போல்ட் அறுவது அபூர்வம். காங்கிரீட் பெயர்ந்து வருவதுதான் வழக்கம். போல்ட்டின் அடிநுனியிலிருந்து தொடங்கி, வெளியே வர வர விரிந்து, ஒரு கூம்பாகப் பெயர்ந்து கையோடு வரும். கூம்பின் வாய் அகலம் போல்ட் ஆழத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, போல்ட்டின் தடிமனை விட ஆழம் முக்கியம். ஆழத்தை இரட்டிப்பாக்கினால் காங்கிரீட் கொடுக்கும் பிடி இரண்டு மடங்கு இல்லை, 2.8 மடங்கு. ஆழம் என்றால் பூச்சைக் கழித்த ஆழம். பூச்சு எதையும் பிடிக்காது. இரண்டாவது, நாலு போல்ட்டைக் கைவிரல் இடைவெளியில் நெருக்கி அடித்தால் நாலு கூம்பும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். நாலு போல்ட்டுக்குக் காசு கொடுத்து ஒன்றரை போல்ட்டின் பலம்தான் கிடைக்கும். எலக்ட்ரீஷியன் சொன்ன சின்னத் தட்டு, நாலு மூலையில் நாலு போல்ட் என்பது இந்தக் கதைதான்.

அப்புறம் தளத்தின் தடிமன். பொருத்தும் ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது காங்கிரீட் தடிமன் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 12 மிமீ ஆங்கர் 70 மிமீ உள்ளே போகிறது என்றால் 140 மிமீ வேண்டும். வீட்டுத் தளம் பெரும்பாலும் நாலரை அல்லது ஐந்து இஞ்ச். ஐந்து இஞ்ச் என்பது 125 மிமீ.

பிப்ரவரி 4, மாலை

மேலே சொல்ல விட்டது: தளத்தின் நடுப்பகுதியில் அடிப்பக்கம் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் அங்கேதான் வரும். கம்பியை அடிப்பக்கம் கட்டுவதே அதற்காகத்தான். துளை வழியாக ஒரு விரிசல் ஓடினால் துளை லேசாக அகலும், விரிந்து பிடிக்கும் ஆங்கர் பிடியை இழக்கும். விரிசல் வந்த பிறகும் தொடர்ந்து விரிந்து பிடிக்கும்படி செய்த ஆங்கர்கள் உண்டு. ஐரோப்பியச் சான்றிதழ் உள்ள பெட்டியில் விரிசல் விழுந்த காங்கிரீட்டுக்கும் ஏற்றதா என்பது தனியாகக் குறிப்பிட்டிருக்கும். கடையில் கிலோ கணக்கில் குவித்து வைத்து விற்கும் ஆங்கரில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. கேட், கிரில் வேலைக்கு அதையே நானும் வாங்குகிறேன், அதில் தப்பில்லை. தலைக்கு மேல் வாங்க மாட்டேன்.

பிப்ரவரி 6

கெமிக்கல் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2006 ஜூலை 10, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். சுரங்கச் சாலையின் கூரையிலிருந்து காங்கிரீட் பலகைகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கியவை எபாக்சி என்ற பசை வைத்து மேல்நோக்கி இறக்கிய ஆங்கர்கள். விசாரணையில் தெரிந்தது இதுதான்: பயன்படுத்திய சீக்கிரம் இறுகும் எபாக்சி, இடைவிடாத இழுப்பில் மெல்ல மெல்ல இளகி நீளும் தன்மை கொண்டது. பொருத்திய அன்று இழுத்துப் பார்த்த சோதனையில் அந்த ஆங்கர்கள் தேறியிருந்தன. சில நிமிட இழுப்பு வேறு, பல வருஷத் தொங்கல் வேறு.

2012 டிசம்பர் 2, ஜப்பானின் சசாகோ சுரங்கம். அங்கேயும் கூரைப் பலகைகள், அங்கேயும் ஒட்டுப் பசை வைத்த ஆங்கர்கள். ஒன்பது பேர் இறந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு கெமிக்கலே ஆகாது என்று யாரும் போக வேண்டாம். சரியான ரகம், சரியான துளை என்றால் காங்கிரீட்டில் அதைப் போலப் பிடிக்கிற பொருள் குறைவு. துளைச் சுவரை நெட்டித் தள்ளாது என்பதால் ஓரத்திலும் பிளக்காது. மாடிக் கைப்பிடியின் பேஸ் பிளேட் (அடித்தட்டு), தூணில் கேட் கீல் இதற்கெல்லாம் என் முதல் தேர்வு அதுதான். கைப்பிடியில் மேலிருந்து கீழே துளை, பசை தானாக அடியில் நிற்கும். ஆனால் வீட்டுக்குள், தலைக்கு மேல், ஆட்களைத் தொங்கவிட, தீ பிடித்தால் சூட்டில் பிடி விடும் ஒரு பசையை நம்ப எனக்கு மனம் வராது. பட்டறையில் கேட்டு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். சிலர் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

பிப்ரவரி 6, இரவு

கெமிக்கலில் நூற்றுக்குத் தொண்ணூறு வேலை துளையைச் சுத்தம் செய்வதுதான். ஊது, கம்பி பிரஷ் விட்டுத் தேய், மறுபடி ஊது. அதையே இன்னொரு முறை. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும், தூள் கண்ணுக்கு வரும். கைப்பம்பு மலிவாகக் கிடைக்கிறது. தூள் படிந்த துளையில் பசை தூளோடு ஒட்டும், காங்கிரீட்டோடு ஒட்டாது. குழாயிலிருந்து முதலில் வரும் பசையை வெளியே விட்டுவிட்டு நிறம் சீரான பிறகு துளைக்குள் விடுங்கள். அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே வர வேண்டும். தூத்துக்குடி வெயிலில் அட்டையில் போட்ட நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கும், ஆகவே காலை வேளையில் செய்வது நல்லது. இறுக ஆரம்பித்த ராடை நிமிர்த்துகிறேன் என்று தொடாதீர்கள்.

பிப்ரவரி 9

மிஷின் கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது இம்பாக்ட் டிரில். உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி அதிரும். தட்டு நிறைய, ஒவ்வொரு தட்டிலும் பலம் கம்மி. பலத்தை உங்கள் தோளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. செங்கல் சுவரில் 6, 8 மிமீ துளைக்குப் போதும். காங்கிரீட்டில் ஒரு ஜல்லி மேல் உட்கார்ந்துவிட்டால் பிட் நுனி சிவந்து மழுங்கும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ரோட்டரி ஹேமர் வேறு. உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு குண்டை எறிந்து பிட்டின் வாலில் அடிக்கிறது. பிட்டும் பிடிக்குள் ஒரு சென்டிமீட்டர் போல முன்னும் பின்னும் நழுவ இடம் உண்டு. அதற்குத்தான் அந்தப் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் வால், 1975இல் பாஷ் கொண்டுவந்தது. மிஷினை அழுத்த வேண்டாம், ஏந்திப் பிடித்தால் போதும். அழுத்தினால் வேகம் குறையும், துளை கோணும். 26 மிமீ வரை போகும் இரண்டு மூன்று கிலோ மிஷின் வீட்டு வேலைக்குத் தாராளம். ஒரு நாள் வேலைக்கு வாங்க வேண்டியதில்லை, எந்த ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும்.

வாடகை மிஷினோடு வரும் பிட்டை மட்டும் பயன்படுத்தாதீர்கள், பிட் சொந்தமாக வாங்குங்கள். தேய்ந்த 10 மிமீ பிட் 9.5 துளைதான் போடும், ஆங்கர் பாதி வழியில் சிக்கும், சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். வளைந்த பிட் அகலமாகத் துளைக்கும், ஆங்கர் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு வெட்டு முனை உள்ள பிட் கொஞ்சம் விலை கூட, ஆனால் துளை வட்டமாக வரும், கம்பி பட்டாலும் சிக்கிக் கையை முறுக்காது.

செங்கலில் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றில் போடுங்கள். ஹாலோ பிளாக்கில் கட்டாயம் அணைக்க வேண்டும், இல்லையென்றால் பின்பக்கத் தோல் உடைந்து உள்ளே விழும்.

பிப்ரவரி 9, சற்று நேரத்தில்

தூளைப் பாருங்கள். முதலில் வருவது பூச்சு. அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல். எடையே இல்லாத வெள்ளை மாவாகக் கொட்டினால் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி உள்ள லேசான காங்கிரீட் கல்). சாம்பல் நிறம் என்றால் காங்கிரீட் என்று முடிவுகட்ட முடியாது, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லும் அதே நிறம்தான். அங்கே கை சொல்வதைக் கேட்க வேண்டும். காங்கிரீட்டில் மிஷின் ஜல்லிக்கு ஜல்லி தயங்கித் தயங்கிப் போகும், ஃபிளை ஆஷில் சீராக இறங்கும். காங்கிரீட் கேட் தூண் என்று நினைத்து விரியும் ஆங்கர் போட்ட இடம் பூச்சு பூசிய ஒற்றைச் செங்கல் தூணாக இருந்து, இறுக்கும்போதே செங்கல் இரண்டாகப் பிளந்ததை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மாஸ்க், கண்ணாடி இல்லாமல் தலைக்கு மேல் துளைக்கவே கூடாது. காங்கிரீட் தூளில் இருப்பது சிலிக்கா, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஒரு பிளாஸ்டிக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் மாட்டிக்கொண்டால் பாதித் தூள் அதிலேயே விழும்.

பிப்ரவரி 12

'கம்பி பட்டுவிட்டது, வெட்டிவிட்டுப் போகலாமா?'

வேண்டாம். தளத்தில் பெரும்பாலும் 8 அல்லது 10 மிமீ கம்பி, ஆறு இஞ்ச் இடைவெளியில். நகர்ந்தால் இடம் கிடைக்கும். கைவிட்ட துளைக்கு ஒட்டினாற்போல் புதுத் துளை போட்டால் இரண்டுக்கும் நடுவில் உள்ள காங்கிரீட் வீணாகிவிடும். பழைய துளையின் ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளிப் போடுங்கள், பழையதைச் சுருங்காத கிரவுட் (சிமென்ட் கலவை) வைத்து அடையுங்கள். பீமில் கம்பி பட்டால் நிறுத்திவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

கம்பியை விட எனக்குப் பயம் வயர் பைப்தான். ஃபேன் பாக்ஸிலிருந்து சுவருக்குத் தளத்துக்குள்ளேயே ஓடும். மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி மிஷினில் துளையுங்கள். பாத்ரூமில் குழாய்க்கும் கீசர் பாயின்டுக்கும் நேர்மேலே, நேர்கீழே துளைக்காதீர்கள். வீடு கட்டும்போது பூச்சுக்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அது தங்கம்.

பிப்ரவரி 13

கீசர், அலமாரி. இங்கே ஆங்கர் போல்ட்டை விட, துளைக்குள் வைத்து ஸ்க்ரூ முடுக்கும் பிளக் நல்லது, செங்கல் சுவர் என்பதால். முன்பெல்லாம் சுவரைக் கொத்தி மரக்கட்டை அடித்து அதில் ஸ்க்ரூ முடுக்கினார்கள். கட்டை காய்ந்தால் சுருங்கும், ஸ்க்ரூ கையோடு வரும். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் செய்த நைலான் பிளக் இன்றும் அப்படியே நிற்கிறது. 8 மிமீ பிளக்குக்கு 8 மிமீ துளை, 5 அல்லது 6 மிமீ ஸ்க்ரூ. ஒல்லி ஸ்க்ரூ போட்டால் பிளக் விரியவே விரியாது, முழுப் பிடியும் அந்த விரிவில்தான் இருக்கிறது. பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் பிளக் முழுசாகப் போக வேண்டும். ஸ்க்ரூ நீளம் என்பது பொருளின் தடிமன், பூச்சு, பிளக் மூன்றும் சேர்த்து இன்னும் கொஞ்சம்.

25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. காலியாகத் தூக்கி மாட்டி, ஆடவில்லை என்று கிளம்பிவிடுகிறார்கள். முடிந்தால் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் காங்கிரீட் பட்டை) மட்டத்தில் காங்கிரீட் கிடைக்கிறதா பாருங்கள். ஏஏசி சுவர் என்றால் இந்த பிளக் போதாது, அதற்கென்று வரும் திருகு இறக்கை பிளக் வேண்டும்.

அலமாரியில் ஜனங்கள் எடையை மட்டும் கேட்கிறார்கள். பிராக்கெட்டின் உயரத்தைக் கேளுங்கள். புத்தகம் 30 கிலோ, அதன் நடு சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பிராக்கெட் 30 செ.மீ. உயரம் என்றால் மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை 15 கிலோ. 10 செ.மீ. குட்டி பிராக்கெட் என்றால் 45 கிலோ! அதே புத்தகம், அதே ஸ்க்ரூ.

பிப்ரவரி 17

கைப்பிடி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் விரியும் ஆங்கர் போடாதீர்கள். ஆழத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஓரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், நாலு இஞ்ச் சுவரில் அது நடக்காது. இறுக்கும்போதே ஓரம் உதிரும். கெமிக்கல் ராடு போடுங்கள், அல்லது மரையோடு நேரே காங்கிரீட்டில் முடுக்கும் ஸ்க்ரூ ஆங்கர்.

கடல் காற்று உள்ள ஊரா? பளபள என்று மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும் துத்தநாகப் பூச்சு சில மைக்ரான்தான், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு சிவக்கும். துருப் பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைப் பிளக்கும், பிளந்த வழியில் தண்ணீர் தளத்துக் கம்பிக்குப் போகும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஹாட் டிப்போ, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். 304 கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். 1985இல் ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்நீச்சல் குளத்தின் காங்கிரீட் உள்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தொங்கவிட்டிருந்தவை ஸ்டெயின்லெஸ் கம்பிகள்தான். குளோரைடு, இழுப்பு இரண்டும் சேர்ந்து உள்ளுக்குள் விரிசல் விட்டது. வீட்டுக்கு இது வராது. ஆனாலும் இடத்தைப் பார்த்துத்தான் உலோகம்.

பிப்ரவரி 20

அளவு அனுப்பியதற்கு நன்றி. தளம் ஐந்து இஞ்ச், மேலே தட்டோடு பதித்த மொட்டை மாடி, ஹாலின் குறுக்கே 9 இஞ்ச் பீம் தளத்துக்குக் கீழே ஓர் அடி தெரிகிறது. பீம் இருப்பது நல்ல செய்தி.

தளத்தை ஊடுருவித் துளைத்து, மேலே பெரிய தட்டு வைத்து நட் போட்டால் இழுப்பு முழுவதும் தட்டின் மேல் உட்காரும், பிடுங்கிக்கொண்டு வராது. அதைத்தான் சொல்வதாக இருந்தேன். தட்டோட்டையும் அதன் அடியில் உள்ள சுருக்கியையும் (சுண்ணாம்பு, செங்கல் தூள் கலவை) உடைக்க வேண்டும் என்பதால் இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. ஒருமுறை உடைத்த மாடி மறுபடி நீர் கசியாமல் நிற்பது கஷ்டம், ஐந்து இஞ்ச் தளத்தின் நடுவில் அத்தனை ஆட்டம் கொடுப்பதும் பிடிக்கவில்லை.

பீமின் பக்கவாட்டில், இரண்டு பக்கமும் 10 மிமீ தட்டு, குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை முழு போல்ட், கொக்கி இரண்டு தட்டுக்கும் கீழே. இழுப்பு போல்ட்டின் குறுக்கே விழும், போல்ட் காங்கிரீட்டின் மேல் படுத்திருக்கும். விரியவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். துளை பீமின் பாதி உயரத்தையொட்டி இருக்க வேண்டும். அடியில் முக்கியக் கம்பிகள் இருக்கின்றன, அவற்றைத் தொடக் கூடாது. ரிங்குகளுக்கு (முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள்) நடுவில் விழுகிறதா என்று, உள்ளே கம்பி இருப்பதைக் காட்டும் டிடெக்டர் வைத்துப் பார்த்துக் குறியுங்கள். உங்கள் வீட்டு டிராயிங் போட்ட எஞ்சினியர் பீமைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மிஷின் தொட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. அவர் வேண்டாம் என்றால், இரண்டு சுவரிலும் ஏறி உட்காரும்படி தளத்துக்குக் கீழே ஓர் இரும்பு ஐ-பீம் போடலாம், அல்லது தரையில் நிற்கும் ஃபிரேம் ஊஞ்சல். நீளம் தெரியாமல் ஐ-பீம் அளவு சொல்ல மாட்டேன்.

மார்ச் 11

எஞ்சினியர் பீமுக்குச் சம்மதித்தது நல்லது. துளைகளை இரண்டு இஞ்ச் மேலே ஏற்றச் சொன்னது சரியான யோசனை. 9 இஞ்ச் பீமுக்கு, பூச்சைத் தாண்டி வெளியே வர, 16 மிமீ தடிமனில் நீளமான பிட் தேவைப்படும். ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுபக்கம் வெளிவரும்போது காங்கிரீட் பெயரும். கடைசி இரண்டு இஞ்ச் வேகத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி. தட்டு உட்காரும் இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு கிரவுட் வைத்துச் சமமாக்குங்கள். பூச்சு மேல் தட்டை இறுக்கினால் பூச்சு நசுங்கி நட் தளரும்.

நட்டுக்கு மேல் இன்னொரு நட். கொக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவில் பேரிங் உள்ள கிளாம்ப் வாங்குங்கள், வெறும் வளையத்தில் வளையம் உரசினால் இரும்பு இரும்பைத் தின்னும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு, உரசும் இடத்தில் கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நட் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நட்டின் குறுக்கே தட்டு வரை பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் நகர்ந்தது பார்த்தவுடன் தெரியும்.